எலுமிச்சைக்குத் தாகம், லில்லிக்கு மழை

கோடை மழை ஒன்று நன்றாக அடித்து ஓய்ந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ தோட்டத்தைப் பாருங்கள். அதுவரை புல் மாதிரி நாலு இலையோடு கிடந்த, சில சமயம் இலைகூட இல்லாமல் வெறும் மண்ணாகத் தெரிந்த தொட்டியில் மழை லில்லி வரிசையாகப் பூத்து நிற்கும். அதே மழை பக்கத்து எலுமிச்சை மரத்துக்கும்தான் பெய்தது. அதில் ஒரு மாற்றமும் தெரியாது. மூன்று நான்கு வாரம் போன பிறகு ஒரு காலையில் மரத்தடிக்குப் போனால் வாசனை தூக்கும். அண்ணாந்து பார்த்தால் கிளையெங்கும் வெள்ளைப் பூ. மூன்றாவதாக இன்னொரு மரமும் உண்டு. குளியலறைத் தண்ணீர் போகிற வழியில், எந்தக் காலத்திலும் ஈரம் காயாத மூலையில் நிற்கும் எலுமிச்சை. கரும்பச்சையாகத் தழைத்திருக்கும், வருடக்கணக்கில் ஒரு பூ விட்டிருக்காது. ‘மலட்டு மரம்’ என்று பெயர் வாங்கி வெட்டுக்குக் காத்திருக்கும்.

ஒரே மண், ஒரே மழை. ஒன்று நாலு நாளில் பூக்கிறது, ஒன்று நாலு வாரத்தில், ஒன்று பூப்பதே இல்லை. வீட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறது, எலுமிச்சை வைக்கலாமா, பூக்கிழங்கு ஏதாவது வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான். இந்த இரண்டு செடிகளும் பூப்பது என்று எப்போது முடிவு செய்கின்றன என்பது தெரிந்துவிட்டால், எதை எங்கே வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, எப்போது விடாமல் இருப்பது எல்லாம் தானாகப் பிடிபடும்.

ஒரு செடி பூப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. தண்டின் நுனியிலும் இலைக் கணுக்களிலும் ஆக்குத்திசு இருக்கிறது. புதிய உறுப்புகளைப் பிறப்பிக்கும் மிகச் சிறிய செல் கூட்டம் அது. இயல்பில் அது இலையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ஏதோ சமிக்ஞை கிடைத்து, இலையை விட்டுப் பூவை உண்டாக்கத் திரும்புகிறது. இதைப் பூத்தூண்டல் என்பார்கள். அப்படி உருவான மொட்டு பெரிதாகி, காம்பு நீண்டு, இதழ் விரிவது இரண்டாவது வேலை. அதை மலர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்குத் தெரிவது மலர்ச்சி மட்டும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் இடையே சில வாரம் இருக்கலாம். ஒரு வருடமே கூட இருக்கலாம்.

மழை லில்லியின் அடிப்பகுதியைத் தோண்டி எடுத்தால் சின்ன வெங்காயம் போன்ற ஒன்று கிடைக்கும். பாடநூல்கள் இதைக் குமிழம் என்கின்றன. மழை லில்லியும் வெங்காயமும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் லில்லிக் குமிழத்தில் லைகோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. வாயில் வைக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவைக்கவும் கூடாது. பருத்த குமிழம் ஒன்றைக் கழுவி, கூரான பிளேடால் நுனியிலிருந்து அடிவரை நெடுக்காக அறுங்கள். அடியில் தட்டையாக, கெட்டியாக ஒரு சிறு வட்டு. அதுதான் தண்டு; தண்டு முழுவதும் அவ்வளவுதான். அதன் கீழ்ப்பக்கம் வேர். மேல்பக்கம் ஒன்றையொன்று சுற்றிய வெள்ளைச் செதில்கள். இலைகளின் அடிப்பகுதிகள் தடித்து மாவுச்சத்து ஏறியவை. இந்தச் செதில்களுக்கு நடுவே, வட்டை ஒட்டி உற்றுப் பாருங்கள். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. வெளிர் நிறத்தில், பொடி நொய் அளவில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணுக்குள்ளேயே பூ இருக்கிறது.

இதே குடும்பத்தில் பெரிய குமிழம் உடையது, நர்சரிகளில் அமரில்லிஸ் என்ற பெயரில் விற்கும் பெரிய சிவப்பு லில்லி. அதில் இந்த அமைப்பு இன்னும் தெளிவு. நாலு இலை, ஒரு பூங்கொத்து, மறுபடி நாலு இலை, ஒரு பூங்கொத்து என்ற ஒழுங்கில் அது வளர்கிறது. ஒரு பூங்கொத்து குமிழத்துக்குள் உருவாகி வெளியே தலைகாட்ட ஏறத்தாழ ஒரு வருடம் ஆகிறது. இந்த ஏப்ரலில் நீங்கள் பார்க்கும் பூவைச் செடி முடிவு செய்தது போன வருடம். ‘இந்த வருஷம் உரம் வைத்தேன், பூக்கவில்லையே’ என்று கேட்பவருக்கு இதில் பதில் இருக்கிறது.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பொறுமையாக அறுத்துப் பார்த்துத்தான். நெதர்லாந்தின் வாகனிங்கனில் பிளாவ் என்ற தாவரவியலாளரும் அவரது குழுவினரும் 1920-களில் டூலிப், ஹயசிந்த் குமிழங்களைப் பருவம் முழுக்க, குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுத்து அறுத்து, நுண்ணோக்கியில் ஆக்குத்திசுவின் வடிவத்தை வரைந்துகொண்டே வந்தார்கள். வயலிலிருந்து தோண்டியெடுத்துக் கிடங்கில் உலர வைத்திருக்கும் கோடையில்தான் டூலிப்பின் பூ உள்ளே உருவாகிறது என்பது அப்படித் தெரியவந்தது. எந்த வெப்பநிலையில் வைத்தால் பூ உருவாகும், எதில் வைத்தால் கெடும் என்பதும் பிடிபட்டது. டச்சுக் குமிழங்கள் கப்பலேறித் தூர தேசங்களில் சொன்ன தேதிக்குப் பூக்க முடிந்ததற்கு இந்த வேலை ஒரு அடிப்படை.

டூலிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளே பூ தயாராக இருந்தாலும், பல வாரம் குளிர் கிடைக்காவிட்டால் காம்பு ஒழுங்காக நீளாது. நம் ஊர்களில் சிலர் குளிரூட்டிய டூலிப் குமிழம் வாங்கித் தொட்டியில் வைக்கிறார்கள். அது பூத்தும் விடுகிறது. அந்தப் பூ வெளியூரிலேயே உருவாகி, அங்கேயே குளிரும் பெற்று வந்த பூ. அடுத்த வருடம் சென்னையிலோ மதுரையிலோ அதற்கு அந்தக் குளிர் எங்கிருந்து வரும்? காசைப் போட்டு ஏமாற வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ரீநகரில் நன்றாக வருகிறது, அங்கே போய்ப் பாருங்கள். இங்கே மழை லில்லியும் அமரில்லிஸும் நிலச்சம்பங்கியும் இருக்கின்றன.

விருந்தாளி திடீரென்று வரும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் நேற்றே மாவு அரைத்துப் புளித்துத் தயாராக இருக்கிறது. கல்லைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தோசை. இன்னொரு வீட்டில் அரிசியும் உளுந்தும் டப்பாவில் இருக்கின்றன. இனிமேல்தான் ஊற வைக்க வேண்டும். மழை லில்லி முதல் வீடு. மழை அதற்குப் பூவைக் கொடுப்பதில்லை, கல்லைச் சூடாக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டதும் வேர்கள் உறிஞ்சுகின்றன. செதில்களில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. முன்பே உருவாகிவிட்ட காம்புச் செல்கள் நீரை இழுத்து நீள்கின்றன. சில நாளில் ஒரு சாண் உயரத்துக்குக் காம்பு வருவதற்கு முக்கியக் காரணம், இருக்கும் செல்களே பல மடங்கு நீள்வதுதான்.

எலுமிச்சை எப்படி? ஒரு கிளையைப் பிடித்து இலைக் காம்பு தண்டோடு சேரும் கணுவைப் பாருங்கள். அங்கே ஒரு முள். முள்ளின் பக்கத்திலேயே ஊசிமுனை அளவில் ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் கணுமொட்டு. அறுத்து நுண்ணோக்கியில் வைத்தாலும், ஓய்வில் இருக்கும் காலத்தில் அதற்குள் பூ இருக்காது. அது கிளையாகலாம், பூவாகலாம், இரண்டும் கலந்து பூவோடு கூடிய தளிராகவும் ஆகலாம். இன்னும் முடிவாகவில்லை.

முடிவைச் செய்வது எது? மழையா, அதற்கு முன்னால் இருந்த வறட்சியா? இதைப் பிரித்துக் காட்டிய சோதனை ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஃபுளோரிடாவில் சௌத்விக், டேவன்போர்ட் என்ற இருவர் 1986-இல் வெளியிட்டது. தாஹிதி என்ற விதையில்லா எலுமிச்சை வகையைத் தொட்டிகளில் வளர்த்து, சிலவற்றுக்கு வழக்கம்போல் நீர் விட்டார்கள், சிலவற்றை வாடவிட்டார்கள். எவ்வளவு வாடியது என்பதைக் கண்ணால் மதிப்பிடவில்லை. இலையொன்றைப் பறித்து, காம்பின் வெட்டுமுனை மட்டும் வெளியே நீட்டியிருக்க, இலையை ஒரு கெட்டியான உலோகக் கலத்துக்குள் அடைத்து, வாயு அழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். ஒரு கட்டத்தில் வெட்டுமுனையில் சாறு துளிர்க்கும். தாகம் எடுத்த இலை நீரை இறுக்கிப் பிடித்திருக்கும். அதை வெளியே தள்ள அதிக அழுத்தம் வேண்டும். மிதமாக வாடிய செடிகளில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 22 மடங்கு. இந்த அளவு வாட்டம் இரண்டே வாரம் இருந்தாலும் போதும். பிறகு நீர் விட்டதும் அந்தச் செடிகள் பூத்தன.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு முடிவுகள். பகலில் 18 பாகை, இரவில் 10 பாகை செல்சியஸ் குளிரில் வைத்த செடிகளும் பூத்தன. அவற்றின் இலைகளில் நீர்த் தட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆகவே செடிக்குள் நீர் குறைவதேதான் பூவை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. குளிரும் வறட்சியும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே விசையைத் தட்டுகின்றன. அடுத்து, இலையே இல்லாத இளந்தண்டுத் துண்டுகளும் வாட்டத்துக்குப் பிறகு பூத்தன. வறட்சியை உணர்ந்து முடிவெடுக்கும் திறன் இலையோடு நின்றுவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

குளிர்காலம் உள்ள நாடுகளில் ஆரஞ்சு மரங்கள் குளிரைக் கேட்டுப் பூக்கின்றன. நம் சமவெளியில் அந்த அளவு குளிர் கிடையாது. இங்கே எலுமிச்சைக்கு நாள்காட்டி வறட்சிதான். ஈரம் காயாத மூலையில் நிற்கும் அந்த மரம் மலடு அல்ல. அதற்கு யாரும் பூக்கச் சொல்லவில்லை.

அந்த விசை என்ன என்பது நீண்ட தேடல். 1930-களில் சைலாக்யான் என்ற சோவியத் தாவரவியலாளர் செவ்வந்திச் செடியின் மேல்பகுதி இலைகளை நீக்கிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறுகிய பகலைக் கொடுத்தார். பூத்தது இலையில்லாத நுனி. இலையில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் நுனிக்குப் பயணம் போகிறது என்று ஊகித்து, அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயர் வைத்தார். தமிழில் பூவூக்கி எனலாம். யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. எழுபது வருடம் கழித்து, 2007-இல், நெல்லிலும் கடுகின் உறவான ஒரு சிறு களைச்செடியிலும் அந்தப் பயணி பிடிபட்டது. எஃப்டி என்று சுருக்கமாக அழைக்கும் சிறு புரதம் அது.

எலுமிச்சை இனத்திலும் அதன் மரபணு இருக்கிறது. குளிரிலும் வறட்சியிலும் அதன் செயல்பாடு கூடுகிறது. ஜப்பானில் நாரத்தை உறவான மூவிலை ஆரஞ்சு என்ற செடியில் இந்த மரபணுவை எப்போதும் இயங்கும்படி செலுத்தினார்கள். பூக்கப் பல வருடம் எடுக்கும் செடி, பசுமைக் குடிலுக்கு மாற்றிய 12 வாரத்திலேயே பூத்துவிட்டது. 2005-இல் வெளியான முடிவு இது.

இதே புரதக் குடும்பம் வெங்காயத்தில் செய்யும் வேலை எனக்குத் தீராத வியப்பு. அங்கே இந்தப் புரதத்தின் பல வடிவங்கள் உள்ளன. நீண்ட பகலைக் கண்டு ஒரு வடிவம் கூடும்போது வெங்காயம் தடித்துக் குமிழமாகிறது; குளிருக்குப் பிறகு கூடும் வேறொரு வடிவம் பூவை எழுப்புகிறது. 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எலுமிச்சை மரத்தில் பூவுக்கு உத்தரவு கொடுக்கும் அதே இனத்துப் புரதம், குமிழச் செடியில் சேமிப்பறை கட்டவும் உத்தரவு கொடுக்கிறது. பரிணாமம் புதுக் கருவி செய்வதைவிட, இருக்கும் கருவியைப் படியெடுத்து வேறு வேலைக்கு வைப்பதில் தேர்ந்தது.

ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் கதையும் அப்படித்தான். நெல் நாற்று அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாயும் ஒரு நோயை ஆராய்ந்த குரோசவா, அதற்குக் காரணமான பூஞ்சை வெளியிடும் பொருளே நாற்றை நீட்டுகிறது என்று 1926-இல் கண்டார். பின்னால் செடிகளும் அந்தப் பொருளைத் தாமே தயாரிக்கின்றன என்று தெரிந்தது. டூலிப்பில் குளிருக்குப் பிறகு காம்பு நீள்வதில் ஜிப்ரெலினுக்குப் பங்கு உண்டு. அதையே எலுமிச்சை இனத்து மரங்களில் பூத்தூண்டல் நடக்கும் நாட்களில் தெளித்தால், பூ குறைந்து வெறும் தளிராக வருகிறது. இஸ்ரேலில் மான்சலிஸ், ஹலேவி இருவரும் 1964-இல் இதைக் காட்டியதோடு, ஜிப்ரெலினைத் தடுக்கும் பொருட்களைத் தெளித்தால் பூ கூடுவதையும் காட்டினார்கள். ஏற்கெனவே பூ தயாராக உள்ள செடிக்கு அது உதவி. இனிமேல்தான் முடிவெடுக்க வேண்டிய செடிக்கு அது தடை.

கோடையில் எலுமிச்சை விலை ஏன் ஏறுகிறது என்பதற்கும் விளக்கம் இங்கேதான். வெயில் தகிக்கும்போது எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ் வேண்டும் என்பது பாதிக் காரணம். பூத்த நாளிலிருந்து பழம் பறிக்க ஐந்தாறு மாதம் ஆகும். ஏப்ரலில் பழம் வேண்டுமென்றால் மரம் அக்டோபர், நவம்பரில் பூத்திருக்க வேண்டும். அதற்கு முன் மண் காய்ந்திருக்க வேண்டும். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. மரத்துக்குத் தாகம் எடுப்பதே இல்லை. போதாததற்கு, முன் பருவத்துக் காய்கள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அவையும் அடுத்த பூத்தூண்டலை அடக்கும். ஆகவே பூ குறைவு, காய் குறைவு, விலை அதிகம். புளியங்குடிச் சந்தைக்குக் காய் அனுப்பும் விவசாயிக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளில் ‘பஹார்’ பிடிப்பது என்று ஒரு முறை உண்டு: பாசனத்தை நிறுத்தி வாடவிட்டு, வேண்டிய பருவத்தில் நீர் கட்டிப் பூக்க வைப்பது. இத்தாலியின் சிசிலித் தீவிலும் இதே வித்தைதான். ஜூன், ஜூலையில் மரத்தை வாட்டி, பிறகு நீர் பாய்ச்சி, அடுத்த கோடையில் பச்சைநிறக் காய் பறிக்கிறார்கள். அதற்கு வெர்தெல்லி என்று தனிப் பெயரே உண்டு. புரதத்தின் பெயர் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே விவசாயிகள் விசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, வீட்டுக்கு எது? அரை நாள் நல்ல வெயில் விழும் இடம் இருந்தால் எலுமிச்சை வையுங்கள், ஆனால் பொறுமை வேண்டும். விதையிலிருந்து வந்த கன்றுக்கு இளமைப்பருவம் ஒன்று உண்டு. அந்த வருடங்களில் நீளமான முள்தான் வரும், எவ்வளவு வாட்டினாலும் பூ வராது. காய்த்த மரத்திலிருந்து எடுத்த பதியனோ ஒட்டுக்கன்றோ அந்தக் கட்டத்தைத் தாண்டியது. 2001-இல் ஸ்பெயினில் பூவுக்கான மரபணுக்களைச் செலுத்தி, எலுமிச்சை இனத்து நாற்றுகளை முதல் வருடத்திலேயே காய்க்க வைத்தார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம், பதியன் போதும். குமிழச் செடிகளுக்கும் இளமைப்பருவம் உண்டு. விதையிலிருந்து வளர்ந்தால் டூலிப் பூக்க ஐந்து வருடத்துக்கு மேலும் ஆகும். ஆனால் கடையில் வாங்கும் குமிழத்தில் வயதைவிட அளவு பேசும். தாயிடமிருந்து பிரித்த குட்டிக் குமிழங்கள் பருத்தால்தான் உள்ளே பூ உருவாகும். அதனால் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். இடம் ஒரு சன்னல் விளிம்புதான் என்றால், கேட்கவே வேண்டாம், மழை லில்லி.

மலர்ந்த பிறகும் இரண்டின் போக்கும் வேறு. லில்லி ஒவ்வொரு பூவையும் நம்பி முதல் போடுகிறது. ஒரு காம்பு, ஒரு பூ, ஓரிரு நாள். வளர்ந்த ஆரஞ்சு மரமோ ஒரு பருவத்தில் லட்சம், இரண்டு லட்சம் மொட்டுகள் விடும். பழமாவது நூற்றுக்கு ஒன்றிரண்டுகூட இல்லை. எலுமிச்சை மரத்தடியில் பூவும் பிஞ்சும் பாய் விரித்தாற்போல் உதிர்ந்து கிடந்தால் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை.

பூக்காத எலுமிச்சைக்கு வாட்டம் கொடுக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் மரத்தில் தங்கிவிட்ட முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். மழை இல்லாத நாட்களாகப் பார்த்து நீரை நிறுத்துங்கள். தொட்டியிலும் மணற்பாங்கான மண்ணிலும் சீக்கிரம் வாடும், கரிசலில் பல வாரம் ஆகும். நாளை எண்ண வேண்டாம், இலையைப் பாருங்கள். மதியத்தில் தொய்ந்து மாலையில் நிமிர்ந்தால் இன்னும் போதவில்லை. காலையிலும் தொய்ந்து, இலை மங்கலாகி உள்நோக்கிச் சுருளத் தொடங்கினால் அந்த நிலையில் ஓரிரு வாரம் வைத்திருங்கள். இலை கொத்துக்கொத்தாக உதிர ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. பிறகு மேல் மண்ணைக் கொத்தி, தொழுவுரம் இட்டு, முதலில் பாதி அளவும் அடுத்த முறை முழு அளவுமாக நீர் விடுங்கள். கணுவில் முள்ளுக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி இரண்டு மூன்று வாரத்தில் அசையும். கூராக நீண்டு வந்தால் தளிர். உருண்டையாக, வெள்ளை நுனியோடு வந்தால் பூ; அதிலிருந்து காய் மிளகு அளவு பிடிக்கும் வரை மண்ணைத் திரும்பக் காய விடாதீர்கள்.